ஐந்து குடுவைப் பாதரசம்

பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் முதல் பாடமே மோல் கணக்கு. கம்பம், சின்னமனூர், போடிப் பக்கம் தனிப்பயிற்சி நடத்துகிறவர்களுக்குத் தெரியும், ஜூன் மாதம் அறிவியல் பிரிவில் ஆசையாகச் சேர்ந்த பிள்ளைகள் ஜூலையில் வணிகவியல் வகுப்பை எட்டிப் பார்க்கத் தொடங்குவது இந்தப் பாடத்தில்தான். இத்தனைக்கும் கணக்கு ஒன்றும் கடினமில்லை. 25 மில்லிலிட்டர் பாதரசத்தில் எத்தனை அணுக்கள் என்று கேட்டால், அடர்த்தியான 13.53-ஆல் பெருக்கினால் 338 கிராம். அதை மோலார் நிறையான 200.59-ஆல் வகுத்தால் 1.69 மோல். அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 1.02 × 10²⁴ அணுக்கள். மூன்று வரி, மூன்று மதிப்பெண்.

இந்தக் கணக்குக்கு ஆசிரியர்கள் பாதரசத்தைத் தேடிப் பிடிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. தண்ணீரை வைத்துக் கேட்டால், அடர்த்தி என்ற படியையே தாண்டிக் குதித்த மாணவனுக்கும் விடை சரியாக வந்துவிடும். ஒரு மில்லிலிட்டர் ஒரு கிராம் என்று இயற்கையே அவனுக்குச் சலுகை கொடுத்திருக்கிறது. பாதரசம் அந்தச் சலுகையைத் தருவதில்லை. படியை விட்டால் விடை பதின்மூன்றரை மடங்கு தப்பும். கனஅளவு வேறு, நிறை வேறு, எண்ணிக்கை வேறு என்று இந்த ஒரு திரவம் கற்பித்துவிடும். அறை வெப்பத்தில் திரவமாக இருக்கிற உலோகம் இது ஒன்றுதான். காலியமும் சீசியமும் தேனி வெயிலில் உருகும்; அவற்றை எந்தப் பள்ளியில் பார்க்க முடியும்?

பதின்மூன்றரை என்ற எண் கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகளுக்கு வேறு வழியாக அறிமுகம். அந்தக் காலத்தில் கிணற்று மோட்டாரைத் தரையில் வைக்காமல், கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் திட்டு கட்டி இறக்கி வைத்தார்கள். மேலே இருந்து உறிஞ்சினால் ஒரு ஆழத்துக்குக் கீழே இருக்கிற தண்ணீர் ஏறாது. காற்றழுத்தம் தூக்கி நிறுத்தக்கூடிய பாதரசத்தின் உயரம் கடல் மட்டத்தில் 76 செ.மீ.; அதைப் பதின்மூன்றரையால் பெருக்கினால் தண்ணீருக்குப் பத்து மீட்டர் சொச்சம். பெரியகுளத்தில் பாதரசம் ஏறத்தாழ 73 செ.மீ. நிற்கும், கொடைக்கானலில் 59-க்குப் பக்கத்தில். தலைக்கு நேர் மேலே நிமிர்ந்து நிற்கிற மலைக்கும் ஊருக்கும் இடையே பதினான்கு செ.மீ. பாதரசம்.

அந்த மலைக்கு ஒரு காலத்தில் வாசற்படியே பெரியகுளம்தான். வத்தலக்குண்டு வழியாக மோட்டார் சாலை வருமுன், கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து வெள்ளகவி வழியாகச் செண்பகனூருக்கு நடைபாதையில் ஏறினார்கள். துரைமார்கள் டோலியில், சாமான்கள் கூலிகளின் தலையில். இன்று கொடைக்கானல் வேறு மாவட்டம், திண்டுக்கல். ஆனால் மாவட்ட எல்லைக்கு மழைநீர் கட்டுப்படாது. கொடைக்கானலின் தெற்குச் சரிவில் பாம்பார் சோலைக்காட்டில் விழுகிற மழை பாம்பாறாகித் தெற்கே இறங்கி, பெரியகுளத்துக்கு மேலே கும்பக்கரை அருவியாக விழுகிறது. ஆடி, ஆவணியில் குளிக்கக் கூட்டம் கூடுகிற இடம். அங்கிருந்து அந்த நீர் வைகைப் படுகைக்குள் போகிறது.

அந்தச் சரிவின் மேல் விளிம்பில், செயின்ட் மேரீஸ் சாலையில், எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை வந்தது. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த ஆலையைப் பாண்ட்ஸ் நிறுவனத்தின் அமெரிக்கத் தாய் நிறுவனம் இங்கே பெயர்த்துக் கொண்டுவந்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் யூனிலீவர் அந்த நிறுவனத்தை வாங்கியதில், ஆலை கடைசியில் ஹிந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்த தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே போயின. மலையில் தங்கியது உடைந்த கண்ணாடி, கழிவுநீர், ஆவி. 2001 மார்ச் 7 அன்று, கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு ஏழரை டன் அளவுக்குக் கிடப்பதை ஊர்க்காரர்களும், முன்னாள் தொழிலாளர்களும், பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும், கிரீன்பீஸும் சேர்ந்து வெளிப்படுத்தினார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு மலையிலிருந்து இறக்கப்பட்டு, தூத்துக்குடி வழியாக அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் கப்பல் ஏறியது. தொழிலாளர்கள் சிறுநீரகக் கோளாறும் நரம்புக் கோளாறும் வந்தது என்றார்கள். நிறுவனம் தன் ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை என்றது. 2015-இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு இணையத்தில் உலகம் சுற்றியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

இந்தக் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள், என்னைவிட நன்றாக. எனக்கு இதில் விடாமல் உறுத்துவது ஒரு சின்னப் பள்ளிக்கூட விஷயம். சுற்றுச்சூழலில் கலந்தது எவ்வளவு என்பதில் இரு தரப்பும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஒரு பக்கம் நூற்றுக்கணக்கான கிலோ என்றார்கள், மறுபக்கம் டன் கணக்கில் என்றார்கள். கேட்பவருக்கு யாரோ பொய் சொல்வதாகப் படும். பொய்யே சொல்லாமலும் இந்த இடைவெளி வரலாம் என்பதைத்தான் மோல் கணக்கு காட்டுகிறது.

ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவான பாதரசம். சராசரி 0.70 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆலை தன் ஆயுளில் 100 டன் பாதரசத்தை உள்ளே வாங்கியது என்றும் கற்பனையாக வைத்துக்கொள்வோம். இது கொடைக்கானல் ஆலையின் கணக்கல்ல, கையாள வசதியான எண். வந்ததில் தெர்மாமீட்டருக்குள் போனதைக் கழித்தால் மிச்சம்தான் வெளியே போனது. தெர்மாமீட்டருக்குள் போனதை எப்படித் தெரிந்துகொள்வது? எண்ணிக்கையை 0.70-ஆல் பெருக்கித்தான். அந்தச் சராசரியில் ஒரு கிராமில் ஆயிரத்தில் ஏழு பங்கு பிசகினால் ஒரு சதவீதம். 100 டன்னில் ஒரு சதவீதம் ஒரு டன். ஒரு டன் பாதரசம் ஏறத்தாழ 5,000 மோல், கனஅளவில் 74 லிட்டர். குழாயடியில் வரிசையில் வைக்கிற பிளாஸ்டிக் குடத்தில் ஐந்து குடம். ஐந்து குடம் பாதரசம் ஓர் ஆலையின் சராசரிக் கணக்கில் காணாமல் போகலாம், யாரும் ஒரு எண்ணைக்கூடத் திருத்தி எழுதாமலே.

பாடப்புத்தகக் கணக்கில் முதல் வரி எப்போதும் 'கொடுக்கப்பட்டவை' என்று தொடங்கும். கனஅளவு கொடுக்கப்பட்டிருக்கும், அடர்த்தி கொடுக்கப்பட்டிருக்கும். யார் கொடுத்தார்கள் என்று எந்த மாணவனும் கேட்பதில்லை, கேட்கவும் தேவையில்லை. வெளியுலகில் அடர்த்தியும் மோலார் நிறையும் எல்லோருக்கும் பொது. பெரியகுளத்திலும் வாட்டர்டவுனிலும் ஒன்றேதான். கனஅளவு மட்டும் கதவுக்கு உள்ளே இருக்கிறவர் கையில். சரிவுக்குக் கீழே இருக்கிறவன் எவ்வளவு நன்றாக வகுத்தாலும் பெருக்கினாலும், அந்த முதல் எண்ணுக்கு அவன் கை ஏந்தித்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

பாதரசம் இந்த விதத்தில் வசதியான பொருள், ஒளிப்பதற்கு. சந்தையில் அதை இரும்புக் குடுவையில் விற்பார்கள். தங்கம், வெள்ளி, ஈயம் எல்லாவற்றையும் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிற பாதரசம் இரும்பைத் தொடாது. ஒரு குடுவையில் 34.5 கிலோ, கனஅளவு இரண்டரை லிட்டர்தான். பெரிய குளிர்பானப் பாட்டிலைவிடச் சற்றுப் பெரிய அந்த உருவத்தைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள், தூக்கிப் பார்க்கும் வரைக்கும். மோலில் சொன்னால் 172.

காற்றுக்குப் போனால் கணக்கு இன்னும் விசித்திரமாகிறது. 20 டிகிரி வெப்பத்தில் பாதரசத்தின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 0.17 பாஸ்கல். ஒன்றுமில்லை என்றே சொல்லிவிடலாம். தண்ணீருக்கு அதே வெப்பத்தில் 2,300-க்கு மேல். அந்த ஒன்றுமில்லாததை வாயுச் சமன்பாட்டில் போட்டால், ஒரு கனமீட்டர் காற்று கொள்ளக்கூடிய பாதரசம் 14 மில்லிகிராம். பத்துக்குப் பத்து அறையில், பத்தடி உயரத்தில், 28 கனமீட்டர் காற்று. 0.4 கிராம் பாதரசம் போதும் அதை நிறைவுறச் செய்ய. ஒரு சொட்டுக்கும் குறைவு. வேலையிடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்ன வரம்பு ஒரு கனமீட்டருக்கு 0.025 மில்லிகிராம். நிறைவுற்ற காற்று அதைப்போல 560 மடங்கு. காற்றோட்டமுள்ள அறையில் ஆவியாவது மெதுவாக நடப்பதால் நிறைவு நிலை வராது. ஆனால் 560 மடங்கு என்ற தூரத்தில் பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு வந்தாலும் வரம்பு தாண்டிவிடும். பத்து டிகிரி ஏறினால் ஆவியழுத்தம் இரு மடங்குக்குச் சற்று மேல் கூடும். கொடைக்கானல் குளிரில் அடங்கிக் கிடக்கிற ஒரு சொட்டு, ஆண்டிப்பட்டி சித்திரை வெயிலில் அதே வேகத்தில் இருக்காது. உடைந்த தெர்மாமீட்டரில் இருந்து உருண்டோடிய மணிகளைத் தீப்பெட்டிக்குள் சேர்த்து வைத்து விளையாடிய தலைமுறை எங்களுடையது. அழகான பொருள், மறுப்பதற்கில்லை.

அழகு மட்டுமில்லை, மரபும் உண்டு. பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் சித்தர் போகர் பேரில் நவபாஷாணக் கதை இருக்கிறது. சித்த மருத்துவத்தில் லிங்கம், பூரம், வீரம் மூன்றும் பாதரசச் சேர்மங்கள். லிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் அணுவுக்கு அணு சேர்ந்தது. நூறு கிராம் லிங்கத்தில் 86 கிராம் பாதரசம். வீரம் தண்ணீரில் கரைகிற கொடிய நஞ்சு. லிங்கமோ கரையாமல் கிடக்கும். நவீன ஆய்வகத்துக்கு முன்பே வைத்தியர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. அதற்காகத்தான் செங்கல் தூளும் மஞ்சளும் சேர்த்து அரைக்கிற சுத்தி முறைகள். அந்த முறைகள் போதுமானவையா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பாதரசத்தை எதனோடு அரைத்தாலும் அதன் மோல் எண்ணிக்கை குறையாது. போனால் ஆவியாகத்தான் போகும், அரைக்கிறவரின் மூச்சு வழியாக. இருந்தாலும் 'எந்த வடிவில்' என்ற கேள்வியை முதலில் கேட்டவர்கள் அவர்கள்.

அந்தக் கேள்விதான் கொடைக்கானல் மண்ணைச் சுத்தம் செய்யும் விவகாரத்திலும் நின்றது. ஆலை வளாகத்து மண்ணை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. போராடியவர்கள் இங்கிலாந்தைக் காட்டினார்கள்: குடியிருப்பு மண்ணில் தனிம நிலைப் பாதரசத்துக்கு அங்கே 2009-இல் வகுத்த வழிகாட்டும் அளவு 1 மில்லிகிராம். அதே இங்கிலாந்து மெதில் பாதரசத்துக்கு 11 என்றும், கனிமச் சேர்மங்களுக்கு 170 என்றும் வைத்திருந்தது. ஆக இருபது என்பது கூடுதலா குறைவா என்று கேட்டால், மண்ணில் கிடப்பது எது என்று திருப்பிக் கேட்க வேண்டும். நூற்றெழுபதை மட்டும் காட்டுகிறவரையும் ஒன்றை மட்டும் காட்டுகிறவரையும் நான் முழுதாக நம்ப மாட்டேன். ஆனால் தெர்மாமீட்டர் ஆலையில் சிந்தியது உலோகப் பாதரசம் என்பதால் என் சாய்வு ஒன்றின் பக்கம்.

ஒரு ஏக்கரில் மேல்மண் பத்து செ.மீ. எடுத்துக்கொள்வோம். மண்ணின் அடர்த்தி 1.3 என்றால், அது 526 டன். கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் அதில் 10.5 கிலோ பாதரசம் இருக்கலாம், சட்டப்படி சுத்தமான நிலம் என்ற பெயரோடு. முக்கால் லிட்டர் சொச்சம். இங்கிலாந்தின் ஒரு மில்லிகிராம் வீதம் என்றால் அரை கிலோ, 40 மில்லிலிட்டருக்கும் குறைவு. ஏக்கர் கணக்கில் வாழ்கிற பள்ளத்தாக்கில் மில்லிகிராமைவிட இப்படிச் சொன்னால்தான் உறைக்கிறது.

தண்ணீருக்கு வருவோம். குடிநீரில் பாதரசத்துக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது ஒரு கனமீட்டருக்கு ஒரு மில்லிகிராம். வைகை அணை 71 அடி நிரம்பினால் 6,091 மில்லியன் கன அடி. 17 கோடியே 25 லட்சம் கனமீட்டர். அணை முழுவதையும் அந்த வரம்புக்குக் கொண்டுவர எவ்வளவு பாதரசம் வேண்டும்? 172.5 கிலோ. ஐந்து குடுவை. கனஅளவில் பன்னிரண்டே முக்கால் லிட்டர், ஒரு குடம் நிரம்பாது. தேனி, மதுரை, அதற்கு அப்பாலும் குடிக்கிற நீருக்கு ஒரு குடம்கூட இல்லை.

இது பயமுறுத்துவதற்கு ஏற்ற கணக்கு, அதனாலேயே இதை அப்படியே விட்டுவிடக் கூடாது. அணையை இங்கே அளவுகோலாகத்தான் வைத்தேன். உலோகப் பாதரசம் தண்ணீரில் அவ்வளவு எளிதில் கரையாது. லிட்டருக்கு அறுபது மைக்ரோகிராமுக்கு மேல் ஏற்காது. கனமான பொருள், அடியில் போய் உட்காரும், சேற்றில் புதையும். சீராகக் கலக்கிவிட்ட அணை என்பது காகிதத்தில் மட்டுமே உண்டு. அதே உண்மையின் மறுபக்கம்தான் சிக்கல். சேற்றில் காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. அது உயிரினங்களின் உடம்பில் தங்கும். சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு, அங்கிருந்து மனிதருக்கு ஏறிக்கொண்டே போகும். 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்டது அதுதான். குடிநீர் வரம்பு அங்கே உதவவில்லை. மக்கள் தின்றது மீன்.

கொடைக்கானல் ஏரியில் அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகத்தினர் அளந்து 2006-இல் வெளியிட்ட கட்டுரையில் ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருந்தது. 400 என்று வைத்தால் ஒரு தம்ளர் நீரில் 80 நானோகிராம். ஒரு மோலின் பத்துக் கோடிப் பங்கில் 0.04 பங்கு, அணுக்களில் 2.4 × 10¹⁴, நம் பேச்சில் இரண்டரைக் கோடி கோடிக்குச் சற்றுக் குறைவு. கேட்கவே திகிலாக இருக்கும். ஆனால் 400 நானோகிராம் குடிநீர் வரம்பில் பாதிகூட இல்லை. அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் எதுவும் பூதமாகத்தான் தெரியும். எந்த ஊர்த் தண்ணீரை எடுத்தாலும் அதில் பாதரச அணுக்கள் கோடிக் கணக்கில் இருக்கும். கவனிக்க வேண்டியது வேறு. ஏரியின் வடிகால் வெள்ளி அருவி வழியாக வேறு பக்கம் இறங்குகிறது. ஆலை இருந்த சரிவு பாம்பாற்றுப் பக்கம். இருந்தும், மாசில்லாத மலை ஏரியில் இருக்கிற அளவைவிட இந்த ஏரியில் பாதரசம் பல மடங்கு. ஓடை போகாத இடத்துக்கும் பாதரசம் காற்று வழி போய்ச் சேரும் என்பதைத்தான் அந்த அளவீடு சொல்கிறது.

ஆலை மூடி ஏறத்தாழ கால் நூற்றாண்டு. மினமாட்டா பெயரிலேயே 2013-இல் உலக உடன்படிக்கை வந்து, 2018-இல் இந்தியாவும் உறுதி செய்துவிட்டது. பாதரசத் தெர்மாமீட்டரும் பாதரச ரத்த அழுத்தக் கருவியும் மருத்துவமனைகளில் இருந்து விலகிக்கொண்டிருக்கின்றன. ஒரு ரத்த அழுத்தக் கருவியில் 100 கிராம் அளவுக்குப் பாதரசம், அதாவது அரை மோல். 345 கருவிகள் ஒரு குடுவை, 1,725 கருவிகள் அந்த ஐந்து குடுவை. தேனி மாவட்டத்தில் கானாவிலக்கு மருத்துவக் கல்லூரியில் தொடங்கி கூடலூர் வரைக்கும் அரசு மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், தனியார் கிளினிக்குகள் எத்தனை என்று எண்ணிக்கொண்டால் இந்த எண் எட்டாத எண்ணாகத் தெரியவில்லை. பாதரசக் கழிவைத் தனியே சேர்த்து ஒப்படைக்க வழிகாட்டு நெறிகள் உண்டு. நான் கேட்பது அதைவிடச் சின்னது. எத்தனை கருவி வந்தது, எத்தனை உடைந்தது, எத்தனை திரும்பப் போனது, எந்தத் தேதியில் யாரிடம் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டைக் கேட்கிறவர்களுக்குக் காட்டினால் போதும். கழித்துப் பார்க்கிற வேலையை வெளியே இருக்கிறவர்கள் செய்துகொள்வார்கள்.